ஐஸ் இல்லாமல் படித்த பாடம்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பள்ளிக்கால நினைவு ஒன்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கோ" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, நவராத்திரி, விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் எனக்கு முன்னர் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒரு பௌதிகவியல் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். கலைப் பிரிவில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். அடுப்படிக்குப் போன எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஏற்கனவே பாதி தெரியும்.

1992ஆம் ஆண்டு. நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். 1990 இல் போர் மீண்டும் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்த காலம் அது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள், நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் ரீச்சர் கரும்பலகையில் இப்படி ஒரு கணக்கு எழுதினார். "மறை 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள 100 கிராம் பனிக்கட்டியை 100 பாகையிலுள்ள கொதிநீராவியாக மாற்றத் தேவையான வெப்பத்தைக் காண்க."

நான் கணக்கில் கொஞ்சம் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. கையைத் தூக்கிவிட்டு எழுந்து போய் எழுதினேன். வெப்பம் என்றால் திணிவு, தன்வெப்பக் கொள்ளளவு, வெப்பநிலை ஏற்றம் மூன்றையும் பெருக்குவது. 0.1 கிலோகிராம், 4200, 110 பாகை. விடை 46,200 யூல். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ரீச்சர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை.

"பிள்ளை, உன்ர கணக்கிலை பாகை மட்டும்தான் ஏறியிருக்கு. ஐஸ் இன்னும் உருகேல்லை. தண்ணி இன்னும் கொதிச்சு ஆவியாகேல்லை" என்றார்.

பிறகு அவர் அந்தக் கணக்கை நான்காகப் பிரித்தார். முதற்படி, பனிக்கட்டி பனிக்கட்டியாகவே இருந்துகொண்டு பூச்சியம் பாகைக்கு வருவது. பனிக்கட்டியின் தன்வெப்பக் கொள்ளளவு தண்ணீரின் அளவில் ஏறக்குறையப் பாதி, 2100. அதற்கு 2,100 யூல். இரண்டாம் படி, பூச்சியம் பாகையிலுள்ள பனிக்கட்டி பூச்சியம் பாகையிலுள்ள தண்ணீராவது. ஒரு கிலோகிராமுக்கு 334,000 யூல் வேண்டும், ஆகவே 100 கிராமுக்கு 33,400 யூல். மூன்றாம் படி, தண்ணீர் பூச்சியத்திலிருந்து நூறு பாகைக்கு ஏறுவது, 42,000 யூல். நான்காம் படி, நூறு பாகைத் தண்ணீர் நூறு பாகை ஆவியாவது. ஒரு கிலோகிராமுக்கு 2,260,000 யூல், ஆகவே 226,000 யூல். நான்கையும் கூட்டினால் 303,500 யூல்.

என்னுடைய விடையைப் போல ஆறரை மடங்கு. நான் விட்டுவிட்ட இரண்டு படிகளிலும் வெப்பமானி அசையவே அசையாது. ஆனால் செலவின் பெரும்பகுதி அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. கடைசிப் படி மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அந்த வெப்பம் பாகையை ஏற்றுவதில்லை. துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடியைத் தளர்த்தவும் அறுக்கவும் அது செலவாகிறது. வெப்பமானிக்குத் தெரியாமல் போவதால் அதற்கு மறைவெப்பம் என்று பெயர்.

"பரீட்சையிலை இந்தக் கணக்கு வந்தால் முதலிலை பெருக்க வெளிக்கிடாதேங்கோ. எத்தினை படி எண்டு விரலிலை எண்ணுங்கோ" என்று ரீச்சர் சொன்னார். அன்றிலிருந்து நான் விரல் மடிக்காமல் இந்தக் கணக்கைத் தொட்டதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். பாடத்திட்டத்தில் இரண்டு பரிசோதனைகள் இருந்தன. ஒன்று பனிக்கட்டியின் உருகல் மறைவெப்பம், மற்றது நீரின் ஆவியாதல் மறைவெப்பம். முதலாவதற்கு ஐஸ் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? எங்கள் வகுப்பில் ஐஸைக் கையில் தொட்டு வருடக்கணக்கானவர்கள்தான் இருந்தோம். ஆனாலும் ரீச்சர் அந்தப் பரிசோதனையை முழுவதுமாகப் படிப்பித்தார். வெறுங் கலோரிமானியை மேசையில் வைத்தார். கலக்கியைப் பிடித்துக் காட்டினார். இல்லாத ஐஸ் துண்டை விரல்களால் எடுத்து, இல்லாத ஒற்றுத்தாளில் ஒற்றி, கலோரிமானிக்குள் போட்டுக் காட்டினார்.

"ஐஸ் துண்டை ஒற்றுத்தாளாலை ஈரம் போகத் துடைச்சுப்போட்டுத்தான் போட வேணும். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கோ" என்றார். பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "ரீச்சர், ஐஸே இல்லை, பிறகேன் துடைப்பான்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். ஆனால் நாங்கள் எல்லோரும் கொப்பியில் அடிக்கோடிட்டோமா என்று வரிசை வரிசையாக வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போனார்.

இரண்டாவது பரிசோதனையை எப்படியாவது செய்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். சுடரடுப்புக்கு வாயு இல்லை. ஆகவே ஆய்வுகூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சிரட்டைக்கரித் தணலில் செய்தோம். அலுமினியப் பாத்திரம் ஒன்றில் 27 பாகையில் 500 கிராம் தண்ணீர். மூடியால் மூடி வைத்தோம். பத்து நிமிடத்தில் கொதித்தது. அதற்குத் தண்ணீர் எடுத்த வெப்பம் 0.5, 4200, 73 ஆகிய மூன்றின் பெருக்கம், 153,300 யூல். பிறகு மூடியைத் திறந்துவிட்டு இன்னும் ஒரு பத்து நிமிடம் அதே தணலில் கொதிக்கவிட்டோம்.

அந்தப் பத்து நிமிடமும் வெப்பமானி நூறிலேயே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் சிநேகிதி, "ரீச்சர், இது பழுதாப் போச்சுது" என்று சொல்லி உதறிப் பார்த்தாள். "பழுதாகேல்லை பிள்ளை. நாலாம் படியிலை நிக்கிறம்" என்றார் ரீச்சர்.

கடைசியில் பாத்திரத்தை நிறுத்துப் பார்த்தால் 61 கிராம் குறைந்திருந்தது. முதற் பத்து நிமிடம் கிடைத்த அதே வெப்பம் இரண்டாவது பத்து நிமிடமும் கிடைத்தது என்று வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் யூல் வந்தது. புத்தகத்தில் 22 இலட்சத்து 60 ஆயிரம். நாங்கள் சோர்ந்துபோனோம். ரீச்சருக்கோ பெரிய சந்தோஷம். "ஏன் கூட வந்தது எண்டு எழுதுங்கோ. அதுக்குத்தான் புள்ளி" என்றார். தணல் நேரம் போகப் போகத் தணிந்திருக்கும். முழுநேரமும் நூறு பாகையில் இருக்கும் பாத்திரத்திலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பமும் அதிகம். அப்படியென்றால் ஆவியாக்கக் கிடைத்த வெப்பம் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. இவற்றையெல்லாம் "பரிசோதனை வழுக்கள்" என்ற தலைப்பின் கீழ் எழுதினோம்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். "அம்மா, ஒரு லீற்றர் தண்ணியை 27 பாகையிலையிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 307 கிலோயூல் போதும். கொதிச்ச பிறகு அதை முழுக்க ஆவியாக்க 2260 கிலோயூல் வேணும். அதாவது ஒரு லீற்றர் தண்ணியைச் சும்மா ஆவியாப் போக விட்டால், ஏழு லீற்றருக்கு மேலை கொதிக்க வைக்கிற விறகு வீண். உலை கொதிச்சாப் பிறகு எவ்வளவு எரிச்சாலும் நூறு பாகைக்கு மேலை ஏறாது. சோறு கெதியா அவியாது. ஆவிதான் கூடப் போகும்."

அம்மா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்துக்கொண்டே, "இதைத்தானே அம்மம்மா, உலை கொதிச்சாக் கொள்ளியை இழு, மூடியைப் போடு எண்டு சொல்லுறவ. இதுக்கோ நீ பௌதிகவியல் படிக்கப் போனனி?" என்று கேட்டார். அம்மம்மாவுக்குச் செய்யத் தெரிந்திருந்தது. எவ்வளவு மிஞ்சுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. விறகு எண்ணி வாங்கிய அந்த நாட்களில் இரண்டும் பயன்பட்டன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இது சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. புட்டு அவிக்கும்போது நீற்றுப்பெட்டியை இறக்கப் போய் ஆவி பட்டுக் கை வெந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கொதிநீரும் நூறு பாகை, ஆவியும் நூறு பாகை. பிறகேன் ஆவி அவ்வளவு மோசமாகச் சுடுகிறது? ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 265 யூலைத் தோலுக்குக் கொடுக்கும். ஒரு கிராம் ஆவி முதலில் தண்ணீராக ஒடுங்கும்போதே 2,260 யூலைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த 265 யூலையும் கொடுக்கும். ஒன்பதரை மடங்கு. மாவை இவ்வளவு விரைவாக அவிப்பதும் இதே வெப்பம்தான். ஆகவே மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வலிகாமத்திலிருந்து மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தோம். நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கினோம். இரண்டாம் நாள் காலை, பக்கத்து வகுப்பறை விறாந்தையில் ஒருவர் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். புகைக்குள் முகம் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் ரீச்சர். கைக்குழந்தை ஒன்றுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். குழந்தை அவருடையதல்ல, கூட வந்த யாரோ ஒருவருடையது. வயிற்றோட்டம் பரவத் தொடங்கியிருந்ததால் பச்சைத்தண்ணீர் கொடுக்கப் பயம். விறகெல்லாம் நனைந்து ஊறிப் போயிருந்தது. புகை மட்டும் வந்தது, பற்றவில்லை.

என்னைக் கண்டதும், "எப்பிடி இருக்கிறாய்?" என்றுகூட அவர் கேட்கவில்லை. "பிள்ளை, ஒரு கிலோ விறகிலை 300 கிராம் தண்ணி இருந்தால் என்ன செலவு?" என்று கேட்டார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விரலை மடித்தேன். 27 இலிருந்து நூறுக்கு 92 கிலோயூல். ஆவியாக்க 678 கிலோயூல். ஏறக்குறைய 770 கிலோயூல். "ரெண்டரை லீற்றர் கொதிக்க வைக்கிற வெப்பம், ரீச்சர், விறகைக் காய வைக்கவே போகுது" என்றேன். "அதோடை அந்தத் தண்ணி இருக்குமட்டும் விறகு நூறு பாகையைத் தாண்டாது. தாண்டாமல் பத்தாது" என்றார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். கூரைக்குக் கீழே கிடந்த காய்ந்த சிராய்களையும் பன்னாடையையும் பொறுக்கி ஒரு சின்ன அடுப்பு மூட்டினோம். நனைந்த விறகைச் சிறிதாகப் பிளந்து அடுப்பைச் சுற்றி நிமிர்த்தி வைத்தோம். பக்கத்தால் வீணாகப் போகும் வெப்பம் அதைக் காயவைத்தது. காய்ந்ததை உள்ளே தள்ளிவிட்டு ஈரமானதை அந்த இடத்தில் வைத்தோம். எங்கள் பழைய குசினிகளில் அடுப்புக்கு மேலே பறண் கட்டி விறகு அடுக்கியதும் இதற்காகத்தான். அன்றைக்கு அந்தப் பானை மூடியோடு கொதித்தது. குழந்தைக்குத் தண்ணீர் கிடைத்தது. அந்த விறாந்தையில் இருந்த ஆறு குடும்பங்களும் அந்த ஒரு அடுப்பைப் பிறகு அணையவிடவில்லை.

பின்னர் நான் கனடாவுக்குப் போனேன். ஐஸுக்குப் பஞ்சமில்லாத நாடு. ஆனாலும் பல வருடங்களாக அந்தப் பரிசோதனையைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் மகள் இதே நாலு படிக் கணக்கைச் செய்துகொண்டிருந்தாள். என்னைப் போல அவள் பிழைவிடவில்லை. "அம்மா, இந்த 334 என்ற எண்ணை யார் கண்டுபிடித்தது? நீங்கள் செய்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. 1760களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்பவர் பனிக்கட்டி உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றையும், பனிக்கட்டியளவு குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரம் ஒன்றையும் ஒரு பெரிய மண்டபத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணித்தியாலத்தில் சில பாகை சூடேறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வரப் பத்தரை மணித்தியாலம் எடுத்தது. அந்தக் காத்திருப்பிலிருந்துதான் மறைவெப்பம் என்ற கருத்தே பிறந்தது. அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் திருத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், ஆவி எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கிறது என்று தானும் அளந்து பார்த்து, நீராவி இயந்திரத்தின் வீண் செலவைக் குறைத்தார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. செய்து காட்டப் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. அன்றிரவே சமையல் மேசையில் ஆரம்பித்தோம். றெஜிபோம் கோப்பை ஒன்றில் 50 பாகையில் 250 கிராம் தண்ணீர். அதற்குள் 50 கிராம் ஐஸ். கலக்கிக் கலக்கிப் பார்த்தோம். ஐஸ் முழுதும் உருகியதும் வெப்பமானி 29 பாகை காட்டியது. தண்ணீர் இழந்த வெப்பம் 22,050 யூல். உருகிய தண்ணீர் பூச்சியத்திலிருந்து 29 பாகைக்கு ஏற எடுத்தது 6,090 யூல். மிச்சம் 15,960 யூல், 50 கிராம் உருகியதற்கு. ஒரு கிலோகிராமுக்கு 319,200 யூல். புத்தகத்தைவிடக் குறைவு.

ஏன் குறைவு என்று மகள் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். ஐஸ் தட்டிலிருந்து எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம், மேற்பரப்பெல்லாம் ஈரம். அந்த ஈரம் ஏற்கனவே உருகிவிட்ட தண்ணீர். அதற்கு மறைவெப்பம் தேவையில்லை. ஆனால் நான் அதையும் ஐஸ் என்று நிறுத்துக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். உடனே எங்கள் வகுப்பறையும், ரீச்சரின் வெறுங்கையும், கொப்பியில் நான் போட்ட அடிக்கோடும் கண்முன்னே வந்தன. கடதாசித் துவாயால் ஒவ்வொரு துண்டாக ஒற்றித் துடைத்துப் போட்டு இரண்டாம் தரம் செய்தோம். இந்த முறை 28.5 பாகை. விடை 331,800 யூல்.

அன்றிரவு ரீச்சருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பெறுபேறுகள் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அனுப்பினேன். இல்லாத ஐஸை ஏன் துடைக்க வேண்டும் என்று சிரித்ததற்காக எங்கள் வகுப்பின் சார்பில் மன்னிப்பும் கேட்டேன். ஒரு மாதத்தின் பின் பதில் வந்தது. சுகம் விசாரித்திருந்தார், மகளுக்கு ஆசி சொல்லியிருந்தார். கீழே ஒரு வரி: "கோப்பையின் வெப்பக் கொள்ளளவைச் சேர்த்தாயா?"

சேர்க்கவில்லை, ரீச்சர். இத்தனை பேர் முன்னிலையில் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அன்புச் சகோதரிகளே, இந்த நூற்றாண்டுக்கு நாம் ஒவ்வொருவரும் எங்கள் ஆசிரியர்களை நினைத்துக் காணிக்கை செய்கிறோம். எங்கள் தொகுதி மாணவியர் சேர்ந்து ஆய்வுகூடத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கலோரிமானிகளும் இலத்திரனியல் தராசும் கொடுத்திருக்கிறோம். அதோடு நான் என் பங்குக்கு ஒரு கட்டு ஒற்றுத்தாளும் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை உயர்தர மாணவிகள் பனிக்கட்டியின் உருகல் மறைவெப்பத்தைத் துணிய இருக்கிறார்கள். ரீச்சர் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். 1992 இல் சிரித்த எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் நேரம் இருந்தால் வாருங்கள். ஐஸ் இருக்கிறது, இந்த முறை எங்கள் கையாலேயே துடைத்துப் போடலாம்.